வடிகட்டி மாட்டியிருந்த வயர்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் நாற்பத்து நான்கு கிலோ அறுநூறு கிராம். போன வாரத்தைவிட எழுநூறு கிராம் குறைவு. எடை மெஷினில் என் மனைவியை ஏற்றி நிறுத்தவே பத்து நிமிடம் ஆகிறது. இது எதற்கு, யார் கேட்டார்கள் என்கிறாள். நியாயமான கேள்விதான்.

இன்றும் சமையலறை வாசலோடு நின்றுவிட்டாள். இதோடு பதினைந்து நாள். மறதி நோய் வந்து மூன்று வருடத்தில் எது எதையோ மறந்தாள், சமையலறையை மட்டும் மறக்கவில்லை. நான் சமைப்பேன், பக்கத்தில் நின்று காய் நறுக்கிக் கொடுப்பாள், எல்லாம் முடிந்த பிறகு மேடையோரம் நின்றபடியே சாப்பிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுப்புப் பக்கத்தில், நின்றுகொண்டு. டேபிளில் உட்கார வைத்தால் தட்டை என் பக்கம் தள்ளிவிடுகிறாள். "எல்லாரும் சாப்பிடட்டும்" என்கிறாள். வீட்டில் எல்லாரும் என்றால் நான் ஒருவன்தான். நான் சாப்பிட்டுக் காட்டினாலும் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குத்தான் போகிறாள். வாசல் வரை. அங்கே நின்று தட்டோடு திரும்பி வந்துவிடுகிறாள்.

"அங்க யாரோ படுத்திருக்காங்க." மேடைக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவிலிருந்த இருட்டைக் காட்டினாள். கதவுக்கு மேலே ஒரே ஒரு டியூப் லைட். உள்ளே நுழைகிறவர்களின் நிழல் அவர்களுக்கு முன்னால் போய் விழுந்து கிடக்கும்.

பாலும் இரண்டு பிஸ்கட்டும். இன்று அவ்வளவுதான் உள்ளே போனது.

மார்ச் 4, புதன்

டாக்டரம்மாவைப் பார்த்தோம். நாற்பதுக்குக் கீழே போக விடாதீர்கள் என்றார். சமையலறை விஷயத்தைச் சொன்னேன். "நல்ல வெளிச்சம் வைங்க ஐயா" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. இத்தனை நாள் மாத்திரை, பரிசோதனை, பயிற்சி என்று எனக்குப் புரியாத பாஷையிலேயே பேசினார்கள். இது என் தொழில். நகைக்கடை, துணிக்கடை, செருப்புக்கடை என்று முப்பத்தைந்து வருடம் ஷோரூம்களுக்கு லைட் போட்டவன் நான். நிழலைப் பற்றியும் டாக்டர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் நான் மனதில் சீலிங்கை அளக்க ஆரம்பித்துவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

மகள் போன் செய்தாள். அவள் ஊருக்குப் பக்கத்தில் இந்த மாதிரி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறதாம், இடம் காலியாகியிருக்கிறதாம்.

"அம்மா பட்டினி கிடக்கறதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாதுப்பா. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வரேன். நாப்பத்திரண்டுக்குக் கீழ இருந்தா கூட்டிட்டுப் போயிடுவேன். நீங்களும் வாங்க, எங்களோட இருங்க. ஆனா அம்மா அங்கதான்."

அவள் பேச்சில் தப்பே இல்லை. ஆனால் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று அவள் அம்மா இந்த வீட்டிலேயே தினமும் இரண்டு தடவை கேட்கிறாள். வேறு வீட்டில் வேறு ஆட்களுக்கு நடுவில் இவளை விட்டால், இருக்கிற கொஞ்சமும் ஒரே வாரத்தில் போய்விடும். நான் யார் என்பது உட்பட.

29ஆம் தேதி. இருபத்து மூன்று நாள்.

மார்ச் 9, திங்கள்

ஏணியைக் கூட்டிக்கொண்டு லைட் கடைக்குப் போனேன். ஏணி என் பழைய கூட்டாளி. ஆள் உயரம் அப்படி, ஸ்டூல் போட்டாலே சீலிங் எட்டும் என்பதால் வந்த பெயர். பிறந்தபோது வைத்த பெயரை அவனே மறந்திருப்பான்.

ஆறு ஸ்பாட் லைட் எடுத்தேன். வெள்ளை வெளிச்சம், குறுகிய கோணம். "அடுப்படிக்கு எதுக்கு அண்ணே இது? தங்கம் விக்கப் போறீங்களா?" என்றான் ஏணி. விற்பதாக இருந்தால் நம் வீட்டுத் தங்கத்தைத்தான் விற்க வேண்டும், அதுவும் வேளாவேளைக்குச் சாப்பிட மாட்டேன் என்கிறது என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து எத்தனை நாளாயிற்று.

மார்ச் 10, செவ்வாய்

மாட்டிவிட்டோம். நான் சொல்லக் கூடாது, ஆனால் பிரமாதம். ஒரு வெளிச்ச வட்டம், கொஞ்சம் இடைவெளி, அடுத்த வட்டம் என்று வாசலிலிருந்து அடுப்பு வரை வரிசை. ஷோரூமில் வாடிக்கையாளரை வாசலிலிருந்து கல்லாப்பெட்டிவரை நடத்திக்கொண்டு போகிற வித்தை இதுதான். தரை டைல்ஸை இரண்டு தடவை துடைத்தேன். முகம் பார்க்கலாம்.

அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். வாசலில் நின்றாள். நைட்டியை இரண்டு கையாலும் முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி நிக்குதே" என்றாள்.

தண்ணீர் இல்லை, லைட் வெளிச்சம் என்றேன். உள்ளே போய்க் குதித்தே காட்டினேன். அறுபத்தாறு வயதில் சமையலறையில் தங்கு தங்கென்று குதிக்கிறேன், அவள் பயந்துபோய்ப் பார்க்கிறாள். நனைஞ்சிடுவீங்க, வெளிய வாங்க என்கிறாள். ஏணி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மார்ச் 11, புதன்

43.8. சீலிங்கில் ஆறு லைட் எரிகிறது, அடுப்புப் பக்கத்தில் ஆள் இல்லை.

மார்ச் 13, வெள்ளி

பளபளப்புதானே பிரச்சினை, மறைத்துவிடலாம் என்று தடியாக ஒரு காப்பிக்கொட்டை நிற மிதியடி வாங்கி வாசலிலிருந்து அடுப்பு வரை விரித்தேன். பார்த்ததும் இரண்டடி பின்னால் போனாள். "குழி வெட்டி வெச்சிருக்கீங்க."

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும். கையைப் பிடித்து இழுத்தேன். வா, வந்து பார், ஒன்றும் இல்லை என்று கத்திக்கொண்டே இழுத்தேன். கதவு நிலையை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான் விடவில்லை. குழிக்குள் தள்ளுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதானே அந்த அலறல் அலறினாள்? பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

மணிக்கட்டில் என் விரல் பட்ட இடம் சிவந்து கிடக்கு. ச்சே. என்ன மனுஷன் நான். எலும்பும் தோலுமா இருக்கறவ கையப் புடிச்சு இழுத்திருக்கேன். அவ மறந்துட்டா. ஒரு மணி நேரம் கழிச்சு, கையில என்னாச்சுன்னு என்கிட்டயே கேட்டா. நீயே எங்கயோ இடிச்சுக்கிட்டேன்னு சொன்னேன்.

மார்ச் 15, ஞாயிறு

டேபிளில் திரும்ப முயற்சி செய்தேன். முட்டை, சோறு, அவளுக்குப் பிடித்த சின்னக் கிண்ணம். "அவ ஸ்கூல்லேர்ந்து வரட்டும்" என்றாள். மகளுக்கு முப்பத்தாறு வயது. ஸ்கூல் பிள்ளைக்காகக் காத்திருந்து சோறு ஆறிப்போனது.

ஒன்று யோசித்துப் பார்த்தேன். முப்பத்தெட்டு வருடத்தில் இவள் சாப்பிட்டு நான் பார்த்திருக்கிறேனா? நோய் வந்த பிறகு சமையலறையில் கூடவே இருந்தேன், சரி. அப்போதும் என் சாப்பாடு முடிந்ததும் டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். கழுவிக் கவிழ்த்த தட்டைத்தான் பார்த்திருக்கிறேன். எவ்வளவு சாப்பிடுவாள், எதை முதலில் சாப்பிடுவாள், ஒன்றும் தெரியாது. இப்போது மட்டும் கிராம் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 18, புதன்

42.6. மகளிடம் போனில் நாற்பத்து மூன்றரை என்று பொய் சொன்னேன்.

மார்ச் 19, வியாழன்

இன்று புத்தியில் பட்டது.

ஒரு ஷோரூம் திறப்பதற்கு முன்னால் நாங்கள் ஒரு காரியம் கட்டாயம் செய்வோம். ஸ்டூலிலிருந்து இறங்கி, வெளியே போய், வாடிக்கையாளர் வருகிற வாசல் வழியாகத் திரும்ப நுழைந்து, அவர் கண் மட்டத்திலிருந்து கடையைப் பார்ப்போம். வேலைக்கு வரும் புது ஆட்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். சொந்த வீட்டில் அதைச் செய்யவில்லை. லைட்டை மாட்டினேன், ஸ்டூல்மேல் நின்று பார்த்தேன், பிரமாதம் என்று எழுதி வைத்தேன்.

அவளுக்கு முதுகு வளைந்துவிட்டது. தலையைக் குனிந்து தரையைப் பார்த்துத்தான் நடக்கிறாள். காலையில் நானும் அதே மாதிரி முதுகை வளைத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வாசலிலிருந்து நடந்து பார்த்தேன். முதல் வட்டம் கண்ணைக் கூச வைத்தது, தரை தண்ணீராக ஆடியது. அதைத் தாண்டினால் இருட்டு. எவ்வளவு ஆழம் என்று தெரியாத இருட்டு. மறுபடி வெளிச்சம், மறுபடி இருட்டு. மேடைப் பக்கம் என் நிழல் ஆறாகப் பிரிந்து ஆறு பேர் படுத்துக் கிடந்தார்கள்.

அவள் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. ஆள் என்றாள், தண்ணீர் என்றாள், குழி என்றாள். எல்லாம் அங்கேதான் இருந்தது. அத்தனையையும் போட்டவன் நான். நிழலைப் பற்றி டாக்டர் சொன்னதும் இதுதானா? போன் செய்து கேட்டேன். அதேதான் சொன்னேன் ஐயா என்றார்.

உடனே ஸ்பாட் லைட்டை எல்லாம் கழற்ற ஆரம்பித்தேன். மேடைக்கு மேலே உள்ள அலமாரியின் அடியில் வடிகட்டி தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து வைக்கலாம் என்று கழற்றினால், அது மாட்டியிருந்தது ஆணியில் இல்லை. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு வயர். நுனியில் கறுப்பு டேப் சுற்றி, கொக்கி மாதிரி வளைத்து.

டேப் சுற்றிய விதத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, என் கை. இருபத்திரண்டு வருடம் ஆகியிருக்கும். "நறுக்கும்போது என் நிழல் பலகை மேலயே விழுதுங்க, இங்க ஒரு லைட் போட்டுக் குடுங்க" என்று கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வயர் இழுத்து வைத்தேன். அன்று மதியமே ஒரு கடையிலிருந்து கூப்பிட்டார்கள், போய்விட்டேன். அடுத்த வாரம் மாட்டித் தருகிறேன் என்றேன். எத்தனை அடுத்த வாரம்? இரண்டு மூன்று தடவை கேட்டிருப்பாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டு, வயரை வளைத்து வடிகட்டியை மாட்டிக்கொண்டாள். தன் நிழல் மேலேயே கத்தியை வைத்து இத்தனை வருடம் நறுக்கியிருக்கிறாள்.

இதை யாரிடம் போய்ச் சொல்ல. அவளிடம் சொன்னால், எந்த லைட் என்று கேட்பாள்.

மார்ச் 21, சனி

திரும்ப லைட் கடை. இந்த முறை நான் கேட்டதெல்லாம் கடைக்காரருக்கு வினோதமாக இருந்தது. பல்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, தரையில் பளபளக்கக் கூடாது, நிழலே விழக் கூடாது. "அப்ப எதுக்கு ஐயா லைட்டு?" என்றார். பால் நிற மூடி போட்ட நீளப் பட்டை லைட்டுகள் எடுத்தேன். அலமாரிகளின் தலைக்கு மேலே மறைத்து வைத்து, வெளிச்சத்தை வெள்ளைச் சீலிங்கில் அடித்தால், அங்கிருந்து அறை முழுக்க ஒரே மாதிரி இறங்கும். இளமஞ்சள் வெளிச்சம். தரைக்கு, ஹாலில் இருக்கிற அதே மணல் நிறத்தில் பளபளப்பில்லாத விரிப்பு. எங்கே ஹால் முடிந்தது, எங்கே சமையலறை ஆரம்பித்தது என்று கோடு தெரியக் கூடாது.

மேடைக்கு மேலே, அந்த வயரில் மாட்ட, ஒரு சின்னப் பட்டை. அதை ஏணியிடம் கொடுக்கவில்லை. நானே மாட்டுகிறேன் என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

42.1. சீலிங் லைட், தரை விரிப்பு எல்லாம் முடிந்தது. அவளை வரவழைக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. தானாகவே தட்டோடு வந்தாள். வாசலில் நின்றாள். நைட்டியைத் தூக்கவில்லை. யாரோ படுத்திருப்பதாகவும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் உள்ளே பார்த்தாள்.

பிறகு திரும்பி ஹாலுக்குப் போய்விட்டாள்.

மார்ச் 24, செவ்வாய்

41.7. நாற்பத்திரண்டைத் தாண்டிக் கீழே.

முடியல. சுத்தமா முடியல. எல்லாம் சரியா பண்ணிட்டேனே, இன்னும் என்னதான் வேணும்? ஒரு வேளை சமையலறையே மறந்து போச்சா? நான் லைட் போட்டு முடிக்கறதுக்குள்ள அதுவும் போயிடுச்சா? பத்து நாளை ஸ்பாட் லைட்டுல தொலைச்சேன். அந்தப் பத்து நாள்ல அவளுக்கு எவ்வளவு போச்சோ, யார் கண்டா.

அவள் துணிகளை ஒரு பையில் எடுத்து வைக்க ஆரம்பித்தேன். மூன்று நைட்டி, ஒரு சால்வை. பாதியில் நிறுத்திவிட்டேன்.

மார்ச் 26, வியாழன்

காலையில் 41.4.

மதியம் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சின்னப் பட்டை மாட்டாமல் கிடந்தது. இனி யாருக்காக என்று தோன்றியது. சரி, மகள் வந்து கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் இவள் அன்று கேட்ட வேலையையாவது முடிப்போம் என்று, பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, டெஸ்டரைப் பையில் செருகிக்கொண்டு, ஸ்டூல் மேல் ஏறினேன். டேப்பைப் பிரித்தேன். வயர் இன்னும் புதுசாகவே இருந்தது. இணைத்து, மூடியைப் போட்டு, ஸ்விட்சைத் தட்டினேன்.

பின்னால் குரல் கேட்டது. "பாத்துங்க. ஸ்டூல் ஆடும்."

சமையலறைக்கு நடுவில் நிற்கிறாள். நான் அசையவில்லை. என்னைத் தாண்டிப் போய், கூடையிலிருந்து பீன்ஸை எடுத்தாள், பலகையை வைத்தாள், கத்தியை எடுத்தாள். நாலு பீன்ஸ் நறுக்கியிருப்பாள். கத்தியை நிறுத்தி, பலகையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திப் பார்த்தாள். நிழல் இல்லை.

"நல்லா போட்டிருக்கீங்க" என்றாள். "எங்க வீட்டுக்காரர்கிட்ட எத்தனை வருஷமா கேட்டேன், தெரியுமா? ஊருக்கெல்லாம் லைட் போடுவார். இங்க போட நேரமே வராது. அவரச் சொல்லியும் குத்தமில்ல, அலைச்சல் அப்படி."

நான்தான் உன் வீட்டுக்காரன் என்று வாய்வரை வந்துவிட்டது. ஸ்டூலிலிருந்து இறங்கினேன். அவள் முகத்தைப் பார்த்தேன். லைட்காரரைப் பார்க்கிற முகம், மரியாதையான முகம். சொல்லவில்லை.

"இருங்க. வேலை செஞ்சவங்க வெறும் வயித்தோட போகக் கூடாது" என்று தட்டில் சோறும் முட்டையும் போட்டு நீட்டினாள். நின்றபடியே சாப்பிட்டேன். நான் தட்டைக் கழுவி வைத்ததும், அவள் தனக்கு ஒரு தட்டு எடுத்தாள். மேடையில் இடுப்பைச் சாய்த்து நின்றுகொண்டு சாப்பிட்டாள்.

முட்டையின் மஞ்சளைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கிறாள். இன்றுதான் தெரிந்தது.

மார்ச் 27, வெள்ளி

இன்று சாதாரணச் சட்டையில் சமையலறையில் நின்றேன். வந்தாள். பயமில்லாமல் உள்ளே வந்தாள். என்னைப் பார்த்ததும், "நீங்க ஏன் இங்க நிக்கறீங்க, போய் டேபிள்ல உக்காருங்க. எல்லாரும் சாப்பிடட்டும்" என்றாள். என் கன்னத்தில் ஒட்டியிருந்த சோப்பு நுரையைத் துடைத்துவிட்டாள். என்னைத் தெரிகிறது. நன்றாகத் தெரிகிறது. டேபிளில் போய் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டினேன். அவள் வாயில் ஒரு பருக்கை வைக்கவில்லை. மகள் வரவேண்டுமாம்.

மாலையில் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, டெஸ்டரைச் செருகிக்கொண்டு போனேன். லைட்காரருக்கு முதலில் போட்டாள். பிறகு அவள் சாப்பிட்டாள், இரண்டு கரண்டி கூடுதலாக.

அப்படியென்றால் இரண்டில் ஒன்று. அவள் புருஷனாக இருக்கலாம், அல்லது அவள் சாப்பிடுவதைப் பார்க்கலாம்.

மார்ச் 29, ஞாயிறு

41.9. மகள் சொன்ன எடைக்கு நூறு கிராம் குறைவு.

பதினொரு மணிக்கு வந்தாள். மெஷினைப் பார்த்தாள். நான் கட்டி வைத்திருந்த பாதிப் பையையும் பார்த்தாள். போனில் நான் சொன்ன பொய் அங்கேயே உடைந்துவிட்டது. திட்டுவாள் என்று நினைத்தேன். சாப்பாட்டு நேரம் வரட்டும், ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய் என்று கெஞ்சினேன். பெற்ற மகளிடம் கெஞ்சுவதில் வெட்கம் என்ன.

காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு நான் வருவதைப் பார்த்து, "என்னப்பா இது?" என்றாள். சமையலறைக்குப் போனேன். என் மனைவி வந்தாள், எனக்குப் போட்டாள், நான் சாப்பிட்டேன், அவள் சாப்பிட ஆரம்பித்தாள். மகள் வாசலில், அவள் அம்மா இத்தனை நாள் நின்ற அதே இடத்தில், வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இவர் லைட்காரர்" என்று அவளுக்கு என்னை அறிமுகம் செய்து வைத்தாள் என் மனைவி. "நல்ல மனுஷன்."

மகள் உள்ளே வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "லைட்காரருக்கு இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றாள்.

சாயங்காலம் கிளம்பும்போது பையிலிருந்த நைட்டிகளைத் தானே எடுத்து அலமாரியில் மடித்து வைத்தாள். அடுத்த மாதம் வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

42.8.

ஒரு காக்கிச் சட்டை போதவில்லை. இன்னும் இரண்டு தைக்கக் கொடுத்தேன். தையல்காரர், திரும்பவும் வேலைக்குப் போகிறீர்களா என்று கேட்டார். ஆமாம், நிரந்தர வேலை என்றேன்.

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் கையை நிறுத்தி, "உங்க வீட்ல யாருங்க சமைக்கிறாங்க?" என்று கேட்டாள்.

என் மனைவி என்றேன்.

"அப்ப ஏன் இங்கயே நிக்கறீங்க? நீங்க வராம அவங்க சாப்பிட மாட்டாங்க. காத்துக்கிட்டிருப்பாங்க, சீக்கிரம் போங்க."

"போறேம்மா. நீங்க சாப்பிட்டு முடிங்க, போறேன்."

சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தாள். ஒதுக்கி வைத்திருந்த மஞ்சளைக் கடைசியில் எடுத்துச் சாப்பிட்டாள். அதுவரை ஸ்விட்ச் போர்டைச் சரிபார்ப்பது போல டெஸ்டரை வைத்துக்கொண்டு நின்றேன்.